எருமைக் கன்றுக்குப் பூச்சி மருந்து: பத்தாம் நாளே ஏன்?

எருமைக் கன்றின் வயிற்றில் சேரும் நீளமான வெள்ளைப் புழு, பெரும்பாலும் தாய்ப்பாலோடு வருகிறது. இதன் பெயர் டாக்சோகாரா விட்டுலோரம். மேய்ச்சலில் விழுங்கிய முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு, பெரிய எருமையின் குடலில் வளராமல் ஈரல், நுரையீரல் திசுக்களில் ஒடுங்கிக் கிடக்கும். ஈனும் சமயத்தில் மடிக்கு நகர்ந்து சீம்பாலில் இறங்கிவிடும். திசுவில் கிடப்பதை வழக்கமான மருந்துகள் எட்டாது. அதற்காகச் சீம்பாலை நிறுத்தினால் கன்று நோய் எதிர்ப்பே இல்லாமல் செத்துப்போகக்கூடும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தே ஆக வேண்டும்.

மூன்று வாரத்தில் புழு முதிர்ந்து முட்டையிடத் தொடங்குகிறது. அதற்கு முன், 10 முதல் 16 நாளுக்குள் மருந்து போய்ச் சேர வேண்டும். இளம்புழுவையும் பிடிப்பதால் பைரன்டெல் என்ற மருந்து நல்லது. பைபெரசின் என்ற மருந்து முதிர்ந்த புழுவின் தசையைத் தளர்த்திப் பிடியை விடவைக்கும், சாணத்தோடு வெளியேறும். இளசுகள் தப்பிவிடுவதால், பைபெரசின் கொடுத்தால் ஒரு மாத வயதில் மறுபடியும் கொடுக்க வேண்டும்.

அளவு கன்றின் எடையில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் பைபெரசின். எடையைக் கண்ணால் மதிப்பிட்டால் குறைவாகவே கொடுப்போம். நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து வாலடியின் பக்கத்தில் துருத்தும் பிட்ட எலும்பு வரையிலான நீளத்தாலும் பெருக்கி 660-ஆல் வகுத்தால் கிலோ கணக்கு வரும். சுற்றளவு 27, நீளம் 27 என்றால் கிட்டத்தட்ட 30 கிலோ. மருந்து 6 கிராம். புட்டியில் 100 மில்லிக்கு 45 கிராம் என்றிருந்தால் 13 மில்லி. வாயின் ஓரமாக மெல்ல ஊற்றுங்கள். தலையை அண்ணாந்து பிடித்தால் மருந்து நுரையீரலில் இறங்கிவிடும். இருமினால் உடனே நிறுத்துங்கள்.

வேலூர் அருகே பொய்கை மாட்டுச் சந்தையில் தாயோடு வாங்கி வரும் கன்றுக்கு வயது சரியாகத் தெரியாது. வயிறு உப்பி, ரோமம் சிலிர்த்து, களிமண் நிறத்தில் நாறும் சாணம் போட்டால் புழு ஏற்கெனவே மண்டியிருக்கிறது. மருந்தில் செயலற்றுப்போன புழுக்கள் பந்தாய்த் திரண்டு குடலை அடைக்கக்கூடும். அந்தக் கன்றுக்கு வீட்டில் மருந்து ஊற்றாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூன்று மாதம் வரை கன்றின் சாணத்தைத் தினமும் அள்ளி, சூடேறும் எருக்குவியலின் நடுவில் புதையுங்கள். முட்டையின் ஓடு தடித்தது. சும்மா கொட்டினால் தொழுவ மண்ணில் பல மாதம் உயிரோடிருந்து, அடுத்த ஈற்றுக்கு முன் தாயின் வாய்க்குப் போய்விடும்.