கால் முதலில் போகும், கை கடைசியில்

2010 ஏப்ரல் 3, லாஸ் வேகஸில் ஒரு குத்துச்சண்டை மேடை. பெர்னார்ட் ஹாப்கின்ஸுக்கு வயது 45, ராய் ஜோன்ஸ் ஜூனியருக்கு 41. பன்னிரண்டு ரவுண்டும் கட்டிப்பிடித்தார்கள், தள்ளிக்கொண்டார்கள், பின்மண்டையில் அடித்தார்கள். நடுநடுவே கொஞ்சம் குத்துச்சண்டையும் நடந்தது. பணம் கட்டி வந்த கூட்டம் ஊளையிட்டது. இந்தச் சண்டைக்காகத்தான் ரசிகர்கள் 17 வருஷம் காத்திருந்தார்கள்.

இவர்கள் முதலில் மோதியது 1993 மே மாதம், வாஷிங்டனில். அப்போது ஜோன்ஸுக்கு 24 வயது, ஹாப்கின்ஸுக்கு 28. ஜோன்ஸ் தெளிவாக ஜெயித்தார். பிறகு இருவருமே பெரிய சாம்பியன்களானார்கள். மறுபடி மோத வைக்கலாம் என்று 2002 வாக்கில் பேச்சு எழுந்தது. பணத்தை யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பதில் அது முறிந்தது. ஒருவழியாக 2010இல் சண்டை நடந்தபோது மூன்று நடுவர்களும் ஹாப்கின்ஸ் பக்கம் எழுதினார்கள்.

சண்டை சுமார்தான். ஆனால் அதில் ஒரு நல்ல அறிவியல் கேள்வி இருக்கிறது. இருவருக்கும் ஓடியது அதே 17 வருஷம். அப்படியிருக்க, நான்கு வயது மூத்தவரிடம் இளையவர் தோற்றது எப்படி?

முதுமை உடம்பிலிருந்து எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் பிடுங்கிக்கொண்டு போவதில்லை. அதற்கு ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையில் முதலில் போவதை நம்பி வாழ்ந்தவர் ஜோன்ஸ். கடைசியில் போவதை நம்பியவர் ஹாப்கின்ஸ்.

கண்ணிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரு விளக்கு எரிவதைப் பார்த்து ஒரு பொத்தானை அழுத்த, நல்ல இளைஞனுக்கே சுமார் 200 மில்லி விநாடி பிடிக்கும். அதாவது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. கிட்டே நின்று விடும் வேகமான ஜாப் (முன்கையை நேராக நீட்டும் குத்து) அதற்குள் மூக்கில் பட்டுவிடும். ஆக, குத்தைப் பார்த்துவிட்டு விலகுவது என்பது கணக்குப்படியே நடக்காத காரியம். வீரர்கள் பார்ப்பது குத்துக்கு முன்னால் நடப்பதை. தோள் லேசாக இறங்கும், பின்னங்காலின் குதிகால் தரையை விட்டு எழும்பும், இடுப்பு திரும்பத் தொடங்கும். பழகிய வீரரின் பார்வை எதிராளியின் கையைத் துரத்தாது. நெஞ்சுக்கும் முகத்துக்கும் இடையில் எங்கோ நிலைத்து, மொத்த உருவத்தையும் ஓரக்கண்ணால் வாங்கிக்கொள்ளும்.

இந்த முன்கணிப்பு அனுபவத்தில் வருவது. வயதானால் அது மங்க வேண்டிய அவசியமில்லை, கூடவும் செய்யலாம். மங்குவது அடுத்த கட்டம்: மூளை முடிவெடுத்து, கட்டளை நரம்பு வழியே இறங்கி, தசை இழுக்கத் தொடங்கும் வரை ஆகும் நேரம். இருபதுகளின் நடுவிலிருந்தே இது கொஞ்சம் கொஞ்சமாக நீள்கிறது. அன்றாட வாழ்க்கையில் நமக்கு அது தெரிவதே இல்லை. ஒரு ஹெவிவெயிட் (மிகக் கனமான எடைப் பிரிவு) வீரரின் முஷ்டி விநாடிக்கு சுமார் 9 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று வையுங்கள். பத்து மில்லி விநாடி தாமதித்தால் அது 9 சென்டிமீட்டர் கூடுதலாக வந்திருக்கும். குத்து முகவாயை உரசிக்கொண்டு போவதற்கும் முகவாயிலேயே இறங்குவதற்கும் நடுவே இருப்பது ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான்.

ஜோன்ஸ் தன் சாம்ராஜ்யத்தை அந்த 9 சென்டிமீட்டரில்தான் கட்டியிருந்தார். ஜாப் போட்டு வழி தயார் செய்துகொள்ளாமல், எட்ட நின்று பாய்ந்து இடது ஹூக் (கையை வளைத்து அடிக்கும் குத்து) போடுவார். கைகளைத் தொங்கவிட்டபடி நிற்பார். 2002இல் ஒரு சண்டையில் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எதிராளி குத்த வந்ததும் தலையைச் சற்று இழுத்து, வலது கையை எடுத்து ஒரே போடு. அந்த ஆள் எழவில்லை. பாடப்புத்தகப்படி இது தற்கொலை. இவருக்குப் பலித்தது, ஏனென்றால் மற்றவர்களைவிடச் சில மில்லி விநாடி இவர் கையில் உபரியாக இருந்தது.

உபரி தீர்ந்த தேதியும் நமக்குத் தெரியும். 2004 மே மாதம், 35 வயதில், அன்டோனியோ டார்வரின் இடது கையில் இரண்டாவது ரவுண்டிலேயே விழுந்தார். நான்கு மாதம் கழித்து க்ளென் ஜான்சன் ஒன்பதாவது ரவுண்டில் சாய்த்தார். டார்வருக்கு முன் அவரை யாருமே நாக்அவுட் செய்ததில்லை. ஆள் ஒரே ராத்திரியில் கிழவனாகிவிட்டான் என்று குத்துச்சண்டைக்காரர்கள் சொல்வார்கள். அப்படி எதுவும் நடப்பதில்லை. சரிவு பல வருஷமாக மெதுவாக நடந்துகொண்டுதான் இருக்கும். கையில் உபரி இருக்கும் வரை வெளியே தெரியாது. விளிம்பைத் தாண்டிய அன்றைக்கு மொத்தமாகத் தெரியும். (அதற்கு முந்தைய வருஷம் அவர் ஹெவிவெயிட் பட்டத்துக்காக எடை ஏற்றி, பிறகு அதை இறக்கியதும் சேர்ந்துகொண்டது என்பார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது.)

ஹாப்கின்ஸிடம் அப்படிப்பட்ட மாயம் ஒன்றும் கிடையாது. தாடை மார்போடு ஒட்டியிருக்கும், இடது தோள் அதற்கு வேலி. ஒரு ஜாப், அரை அடி நகர்வு, ஒரு குத்து, உடனே கட்டிப்பிடி. பார்க்க அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் இதில் ஒரு அசைவுகூட 200 மில்லி விநாடிக்குள் முடிவெடுக்கும்படி அவரைக் கேட்பதில்லை. எதிராளி எந்தக் குத்தைப் போட முடியும் என்பதைத் தன் நிற்கும் இடத்தாலேயே தீர்மானித்துவிடுவார்.

அடுத்தது கால். நம் தசைகளில் வேக இழை, நிதான இழை என்று இரண்டு வகை கலந்திருக்கும். வேக இழை சட்டென்று வெடிக்கும், சீக்கிரம் களைக்கும். நிதான இழை நாள் முழுக்க உழைக்கும். வயதாகும்போது இளைப்பது பெரும்பாலும் வேக இழைதான். இழைகளுக்குக் கட்டளை தரும் நரம்பு செல்களும் முதுகுத்தண்டில் ஒவ்வொன்றாகச் சாகின்றன. தலைவன் இல்லாமல் அநாதையான வேக இழைகளைப் பக்கத்து நிதான நரம்பு தத்தெடுத்துக்கொள்ளும். வளர்ப்பவரின் குணம் பிள்ளைக்கு வந்துவிடும். வேக இழை நிதான இழையாகிவிடும். அதனால்தான் ஐம்பது வயது வீரர் ஜிம்மில் கனமான எடையைத் தூக்கி அசத்துவார், ஆனால் பக்கவாட்டில் ஒரு எட்டு எகிறிக் குதிக்கச் சொன்னால் தடுமாறுவார். வலு இருக்கிறது, வெடிப்பு இல்லை.

இதோடு இதயமும் சேர்ந்துகொள்கிறது. ஒருவரின் இதயம் அதிகபட்சம் எத்தனை முறை துடிக்கும் என்பதற்கு, 220இலிருந்து வயதைக் கழிப்பது என்ற தோராயக் கணக்கு உண்டு. 25 வயதில் 195, 58 வயதில் 162. பயிற்சியால் ஒரு துடிப்பில் போகும் ரத்தத்தின் அளவைக் கூட்டலாம், இந்த உச்சவரம்பை உயர்த்த முடியாது. மைக் டைசன் 2024 நவம்பரில், யூடியூபில் பிரபலமாகிக் குத்துச்சண்டைக்கு வந்த ஜேக் பாலோடு மோதியபோது அவருக்கு 58. ரவுண்டுக்கு வழக்கமான மூன்று நிமிடத்தை இரண்டாகக் குறைத்து, எட்டு ரவுண்டு மட்டும் வைத்தார்கள். முதல் நிமிடம் பழைய டைசன் மாதிரியே இருந்தது. அப்புறம் கால் நின்றுவிட்டது. எட்டு ரவுண்டில் அவர் விட்ட 97 குத்துகளில் 18தான் பட்டன. கையில் பலம் இல்லாமலா? அந்தக் கையைச் சரியான இடத்துக்குத் தூக்கிப் போகிற வண்டிதான் ஓடவில்லை.

சரி, கை ஏன் கடைசி வரைக்கும் தாக்குப்பிடிக்கிறது?

1985இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு சின்ன ஆய்வு வெளிவந்தது. பின்னாளில் உலக சாம்பியனான ஃப்ராங்க் புரூனோவை அழைத்து, தொங்கவிட்ட ஓர் உருளையைக் குத்தச் சொல்லி அளந்தார்கள். படும்போது முஷ்டியின் வேகம் விநாடிக்கு 8.9 மீட்டர். உச்ச விசை 4,096 நியூட்டன், அதாவது கிட்டத்தட்ட 400 கிலோ எடை ஒரு கணம் மேலே உட்காருவது போல. மெத்தை சுற்றிய 6 கிலோ மரச் சுத்தியலை மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் என்னவோ, அதுதான் இது என்றார்கள் ஆய்வாளர்கள்.

கவனிக்க வேண்டியது அந்த 6 கிலோவை. ஒரு முஷ்டி அவ்வளவு கனமில்லை. குத்து படும் கணத்தில் மணிக்கட்டும் முழங்கையும் தோளும் ஒரே இறுக்கமாகப் பூட்டிக்கொண்டால், பின்னாலிருக்கும் உடம்பின் ஒரு பகுதி முஷ்டியோடு சேர்ந்து இடிக்கிறது. பாதம் தரையை உதைக்க, இடுப்பு திரும்ப, தோள் தொடர, கடைசியில் கை நீள்கிறது. இந்த வரிசையைச் சரியான நேரத்தில் கோர்ப்பதுதான் பெரிய குத்து. அந்தக் கோர்வை மூளையில் ஆழப் பதிந்த பழக்கம். சைக்கிள் ஓட்டுவது போல, லேசில் மறக்காது. எடை இருக்கவே இருக்கிறது, வயதோடு கூடவும் செய்யும். வேகம் கொஞ்சம் குறைந்தாலும் கணக்கில் பெரிய துண்டு விழுவதில்லை.

இதற்கு ஜார்ஜ் ஃபோர்மனைவிட நல்ல சாட்சி இல்லை. 1974இல் கின்ஷாசாவில் முகமது அலியிடம் உலக ஹெவிவெயிட் பட்டத்தை இழந்தவர், பத்து வருஷம் சண்டையே போடாமல் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். 1994 நவம்பர் 5 அன்று 26 வயது சாம்பியன் மைக்கேல் மூரருக்கு எதிரே நின்றார். அவருக்கு 45. கின்ஷாசாவில் போட்டிருந்த அதே சிவப்பு டிரவுசர். ஒன்பது ரவுண்டு அடி வாங்கினார். மூன்று நடுவர்களின் கணக்கிலும் பின்தங்கியிருந்தார். பத்தாவது ரவுண்டில் மூரர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றபோது ஒரு குட்டையான வலதுகைக் குத்து. அதில் வேகம் என்று எதுவும் இல்லை, காணொளியில் பார்த்தால் கையை நீட்டியது போலத்தான் இருக்கும். பின்னால் இருந்தது 113 கிலோ உடம்பு. அத்தோடு சண்டை முடிந்தது, பட்டம் திரும்பி வந்தது.

எல்லாருடைய குத்தும் இப்படி நிலைக்காது. பிலிப்பைன்ஸ் வீரர் மேனி பாக்கியோவின் சக்தி எடையிலிருந்து வந்ததல்ல. வேகத்திலிருந்தும், எதிர்பாராத கோணத்திலிருந்தும் வந்தது. பார்க்காத குத்துதான் ஆளைச் சாய்க்கும். வேகம் குறைந்தால் ஆச்சரியமும் குறையும். 2009 நவம்பருக்குப் பிறகு 2018 வரை அவர் யாரையும் நாக்அவுட் செய்யவில்லை. அவரும் அமெரிக்க வீரர் ஃபிளாய்டு மேவெதரும் மோத வேண்டும் என்று உலகம் கேட்கத் தொடங்கியது 2009 வாக்கில். மோதியது 2015 மே 2, ஒருவருக்கு 36, மற்றவருக்கு 38. பாக்கியோ விட்ட 429 குத்துகளில் 81 பட்டன. மேவெதருக்கு 435இல் 148. சில நாளில் பாக்கியோ தோளில் கிழிந்த தசைநாருக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். தசைநாருக்கு ரத்த ஓட்டம் குறைவு, ஆறுவது தாமதம், வயதோடு அது இன்னும் மோசமாகும். தாமதமான சண்டைகளில் பாதி, மேடைக்கு முன்பே பயிற்சிக்கூடத்தில் தீர்மானமாகிவிடுகின்றன.

இப்போது தலைக்கு வருவோம். எனக்கு இந்த விஷயத்தில் உறுத்தலே இங்கேதான்.

முகவாயில் பக்கவாட்டில் விழும் குத்து தலையைச் சட்டென்று திருப்புகிறது. மண்டையோடு திரும்பிவிடும், உள்ளே திரவத்தில் மிதக்கும் மூளை ஒரு கணம் பின்தங்கும். அந்த முறுக்கில் நரம்பு செல்களின் நீண்ட இழைகள் இழுபடுகின்றன. செல்லுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே கொட்டும், வெளியே இருக்க வேண்டிய கால்சியம் உள்ளே பாயும். எல்லா செல்லும் ஒரே சமயத்தில் கூச்சலிட்டு, பிறகு மௌனமாகிவிடும். அதுதான் நாக்அவுட். உப்புகளை மறுபடி பழைய இடத்துக்கு இறைக்க நிறைய ஆற்றல் வேண்டும், அதற்கு நாள் கணக்கில் ஆகும்.

வயதானால் இதோடு இன்னொன்று சேரும். மூளை சுருங்குகிறது, மண்டையோடு சுருங்குவதில்லை. இடைவெளி அகல்கிறது. மூளையின் மேற்பரப்பிலிருந்து வெளியுறைக்குப் பாலம் போலப் போகும் சிறு சிரைகள் இந்த இடைவெளியில் இழுத்துக் கட்டிய கம்பி போல விறைக்கின்றன. அறுந்தால் உறைக்கடியில் ரத்தம் தேங்கி மூளையை அழுத்தும். வயதானவர்கள் சாதாரணமாக வழுக்கி விழுந்தாலே சில சமயம் இது நேர்வது இதனால்தான். பழைய குத்துகளின் கடன் தனிக்கணக்கு: குத்துச்சண்டைக்காரர்களின் தள்ளாட்டத்தையும் குழறலையும் ஒரு நோயாகவே அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928இலேயே எழுதிவிட்டார்.

கனமான கையுறை போட்டால் தீருமா என்றால், முழுக்கத் தீராது. டைசன் சண்டையில் வழக்கமான 10 அவுன்ஸுக்குப் பதில் 14 அவுன்ஸ் கொடுத்தார்கள். மெத்தை தடித்தால் தோல் கிழிவதும் விரல் எலும்பு உடைவதும் குறையும். தலை திரும்புவது நிற்காது.

ஜோன்ஸ், ஹாப்கின்ஸ் மாதிரி மோதும் இரண்டு பேருமே கிழவர்கள் என்றால், சரிக்குச் சரிதானே என்று தோன்றலாம். அப்படிக் கழித்துவிட முடியாது. இருவரின் கையும் இளமையின் பெரும்பகுதியை இன்னும் வைத்திருக்கிறது. இருவரின் காலும் அந்தக் கையிலிருந்து தப்பிக்க உதவாது. வாங்கிக்கொள்ளும் தலையோ இருவருக்குமே 25 வயதில் இருந்த தலை இல்லை.

2011 மே 21 அன்று, தற்செயலாக, ஜோன்ஸும் ஹாப்கின்ஸும் ஒரே நாளில் மேடையேறினார்கள். மாஸ்கோவில் 42 வயது ஜோன்ஸ், டெனிஸ் லெபெதெவிடம் கடைசி ரவுண்டின் கடைசி விநாடிகளில் நினைவிழந்து முகங்குப்புற விழுந்தார். மான்ட்ரியலில் 46 வயது ஹாப்கின்ஸ், ஏழாவது ரவுண்டு தொடங்குவதற்காகக் காத்திருந்த நேரத்தில் மேடையிலேயே தண்டால் எடுத்தார். ழான் பாஸ்கலை வென்று, ஃபோர்மனையும் முந்தி உலகின் மிக மூத்த சாம்பியனானார். அவரும் அத்தோடு நிறுத்தவில்லை. 2016 டிசம்பரில், 51 வயதில், 27 வயது ஜோ ஸ்மித்தின் குத்துகளில் கயிறுகளுக்கு இடையே புகுந்து, தலை முதலில் போக, மேடைக்கு வெளியே தரையில் விழுந்தார். திரும்பி ஏற 20 விநாடி அவகாசம் உண்டு. அவரால் ஏற முடியவில்லை.