கையடக்கத் தொனி டயலர்: ஒரு பொத்தான், இரண்டு ஒலிகள்

பழைய சுழல்வட்டுத் தொலைபேசியில் 5 என்ற எண்ணைச் சுழற்றி விட்டால், வட்டு தன் இடத்துக்குத் திரும்பும்போது இணைப்புக் கம்பியில் ஓடும் மின்னோட்டம் ஐந்து முறை அறுபட்டு மீளும். பூஜ்யத்துக்குப் பத்து முறை. நொடிக்குப் பத்து என்ற வேகத்தில் நிகழும் இந்தத் துண்டிப்புகளை எண்ணிக் கணக்கிடுவது அந்தக் கம்பி சென்று சேரும் தொலைபேசி நிலையம் மட்டுமே. அதைத் தாண்டி அவை பயணிப்பதில்லை. எனவே அழைப்பு இணைந்த பிறகு மறுமுனையில் பதிவுக்குரல் ஒன்று "எண் 1ஐ அழுத்தவும்" என்று கேட்டால், சுழல்வட்டுத் தொலைபேசியால் பதில் சொல்ல முடியாது. இந்தக் குறையைப் போக்க வந்ததுதான் சட்டைப்பையில் அடங்கும் தொனி டயலர். ஒலிவாங்கியின் மேல் வைத்துப் பொத்தானை அழுத்தினால், அதிலிருந்து எழும் ஒலி பேச்சைப் போலவே கம்பி வழியாக மறுமுனை வரை சென்றுவிடும்.

துண்டிப்புகளுக்குப் பதிலாக ஒலிகளால் எண்ணைத் தெரிவிக்கும் தொனி முறையை அமெரிக்காவின் பெல் நிறுவனம் 1963 நவம்பர் 18 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் கார்னகி, கிரீன்ஸ்பர்க் ஆகிய ஊர்களில் பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. பொத்தான் பலகையின் நான்கு நிரைகளுக்கும் (கிடைவரிசைகள்) முறையே 697, 770, 852, 941 ஹெர்ட்ஸ். மூன்று நிரல்களுக்கு (செங்குத்து வரிசைகள்) 1209, 1336, 1477 ஹெர்ட்ஸ். ஒரு பொத்தானை அழுத்தும்போது அதன் நிரைக்கு உரிய ஒலியும் நிரலுக்கு உரிய ஒலியும் சேர்ந்தே எழும். நடுவில் உள்ள 5ஐ அழுத்தினால் 770ம் 1336ம். 1633 ஹெர்ட்ஸில் நான்காவது நிரல் ஒன்றும் உண்டு. அமெரிக்க ராணுவத்தின் தொலைபேசி வலையமைப்பில் அழைப்பின் அவசரத்தைக் குறிக்க அது பயன்பட்டது; வீட்டுத் தொலைபேசிகளில் இடம்பெறவில்லை.

எதற்காக இப்படி ஒழுங்கற்ற எண்கள்? இந்த அமைப்பில் என்னை மிகவும் வியக்க வைப்பது இதற்கான விடைதான். தொனிகள் செல்லும் அதே கம்பியில் மனிதக் குரலும் செல்கிறது; பேசுபவரின் குரலை, மறுமுனையில் தொனிகளைப் பெறும் கருவி ஒரு பொத்தானாகத் தவறாக எண்ணிவிடக் கூடாது. குரலிலோ இசையிலோ ஓர் அடிப்படை அதிர்வெண் இருந்தால் அதன் இரு மடங்கும் மும்மடங்கும் கூடவே இருக்கும். அதனால் எந்தத் தொனியும் இன்னொன்றின் மடங்காக அமையாதபடி, ஒரே குழுவில் (நிரைத் தொனிகள் ஒரு குழு, நிரல் தொனிகள் மற்றொன்று) அடுத்தடுத்த தொனிகள் ஏறத்தாழ 21க்கு 19 என்ற விகிதத்தில் வைக்கப்பட்டன. 697இன் இரு மடங்கு 1394; அது 1336க்கும் 1477க்கும் இடையே விழுகிறது. 770இன் இரு மடங்கான 1540ம் அவ்வாறே இரண்டு தொனிகளுக்கு நடுவே போய் நிற்கிறது. பெறும் கருவி, குறித்த அதிர்வெண்ணிலிருந்து 1.5 சதவீதம் வரை விலகியதை ஏற்க வேண்டும், 3.5 சதவீதத்துக்கு மேல் விலகியதைத் தள்ள வேண்டும். இரண்டு குழுக்களிலிருந்தும் ஒவ்வொரு தொனி மட்டும், ஒரே நேரத்தில், போதிய கால அளவு நீடித்தால்தான் அது எண்ணாகக் கொள்ளப்படும்.

டயலரின் இதயம் 5089 வகையைச் சேர்ந்த ஒரு தொனி உருவாக்கும் சில்லு, அதாவது சிறு மின்னணுச் சுற்று. அதனுடன், மாறாத வேகத்தில் அதிரும் 3.579545 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்று இணைகிறது. அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிகளுக்காகப் பெருமளவில் தயாரான படிகம் என்பதால் அது மலிவாகக் கிடைத்தது. தொலைபேசிச் சில்லுகளும் அதையே பிடித்துக்கொண்டன. சில்லு இந்த அதிர்வெண்ணை முழு எண்களால் வகுத்துத் தொனிகளைப் பெறுகிறது. 5104ஆல் வகுத்தால் 701.3 ஹெர்ட்ஸ் வரும், வேண்டியது 697. எல்லாத் தொனிகளிலும் இத்தகைய பிழை முக்கால் சதவீதத்துக்குள் அடங்கிவிடுவதால் பெறும் கருவி தயங்காமல் ஏற்கிறது. இவ்வாறு கிடைப்பதைப் படிப்படியாக ஏறி இறங்கும் மின்னழுத்தமாக மாற்றி, சைன் அலைக்கு நெருக்கமான வடிவத்தைச் சில்லே உருவாக்கித் தருகிறது.

பொத்தான் பலகையைத் தேர்வதில் கவனம் வேண்டும். கடையில் கிடைக்கும் பன்னிரண்டு பொத்தான் பலகையில் பெரும்பாலும் ஏழு கம்பிகள்தான் இருக்கும்: நான்கு நிரைக்கு, மூன்று நிரலுக்கு. பொத்தான் அழுந்தும்போது ஒரு நிரைக்கம்பியும் ஒரு நிரல்கம்பியும் தொட்டுக்கொள்கின்றன. சில சில்லுகளுக்கு இதுவே போதும். வேறு சிலவோ, அழுத்தும்போது அந்த இரண்டு கம்பிகளும் மின்கலத்தின் எதிர்மின்முனையோடும் சேர வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. வாங்கும் முன் சில்லின் தரவுத்தாளைப் பார்த்துவிடுவது நல்லது. எந்தக் கம்பி எந்த நிரை என்று தெரியாவிட்டால், மல்டிமீட்டரைத் தொடர்ச்சி சோதிக்கும் நிலையில் வைத்து, பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திக் கண்டுகொள்ளலாம்.

சில்லின் வெளியீடு ஒலிபெருக்கியை நேரடியாக இயக்கும் அளவுக்கு வலுவானதன்று. எல்.எம்.386 பெருக்கிச் சில்லு ஒன்றும், 8 ஓம் சிறு ஒலிபெருக்கியும், இரண்டு சில்லுகளுக்கும் பொதுவாக 9 வோல்ட் மின்கலமும் சேர்ந்தால் கருவி நிறைவுபெறும். இடையில் ஒலியளவைக் குறைக்கும் மாறுமின்தடை ஒன்று கட்டாயம் தேவை. பழைய தொலைபேசிகளின் கார்பன் ஒலிவாங்கி, ஒலி மிகுந்தால் இரண்டு தொனிகளையும் கலந்து, இல்லாத புதிய அதிர்வெண்களை உண்டாக்கிவிடும். அப்போது மறுமுனைக்கு எதுவும் விளங்காது. உரக்க ஒலித்தால் நன்றாகப் புரியும் என்பது இங்கே பொருந்தாது. ஒலிபெருக்கிக்குப் பதிலாக, மின்னழுத்தத்தால் அதிர்ந்து ஒலிக்கும் பீசோ வட்டு வைக்கும் ஆசையையும் விட்டுவிட வேண்டும். அது சில ஆயிரம் ஹெர்ட்ஸில் மட்டும் உரக்க ஒலிப்பது; 697ஐ மிக மெலிதாகவும் 1477ஐ அதைவிடப் பன்மடங்கு வலுவாகவும் தரும். கம்பியில் உயர் அதிர்வெண்கள் கூடுதலாகத் தேய்வதை ஈடுகட்டவே சில்லு நிரல் தொனியை 2 முதல் 3 டெசிபல் உயர்த்தித் தருகிறது. அந்தச் சமநிலையைப் பீசோ வட்டு குலைத்துவிடும்.

ஒலிபெருக்கியைச் சுற்றி மெல்லிய ரப்பர் வளையம் ஒட்டினால், அது ஒலிவாங்கியின் மேல் இடைவெளியின்றி அமரும், அறையின் இரைச்சலும் உள்ளே புகாது. பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்ற கவலை வேண்டாம். 40 மில்லிநொடி நீளும் தொனியே பெறும் கருவிக்குப் போதும், விரல் இயல்பாக அழுத்துவது அதைவிட நீண்டது. சோதிக்க, எம்.டி.8870 போன்ற தொனி அறியும் சில்லின் உள்ளீட்டில் ஒலிவாங்கி ஒன்றை முன்பெருக்கியோடு இணைத்து, வெளியீடுகளில் நான்கு எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தினால், அழுத்திய எண் இரும எண்ணாக எரியும். ஒலியளவைத் தாழ்வாக வைத்துத் தொடங்கி, பன்னிரண்டு பொத்தான்களுக்கும் விளக்குகள் தவறாமல் பதில் சொல்லும் வரை மெல்ல ஏற்றி, அந்த நிலையிலேயே மாறுமின்தடையை நிறுத்திவிடலாம்.