நாலு ஓட்டைக்கு ஒரு படம்

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் தாண்டிக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போனால், சினிமா போஸ்டர்களில் தமிழும் மலையாளமும் மாறி மாறி வரும். ரசிகர்கள் எந்த மொழிக்காரர்களாக இருந்தாலும் கொட்டகை புரொஜெக்டருக்கு அந்தக் கவலை கிடையாது. சென்னைப் படப்பெட்டியோ கொச்சிப் படப்பெட்டியோ, உள்ளே இருந்தது 35 மில்லிமீட்டர் அகலமுள்ள பிலிம்தான். ஒவ்வொரு படச்சட்டத்துக்கும் இரண்டு ஓரத்திலும் நாலு நாலு ஓட்டை. எடிசனின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த டிக்சன், ஈஸ்ட்மன் கம்பெனியின் 70 மி.மீ. பிலிமை நெடுக்கில் இரண்டாகப் பிளந்ததில் வந்த அளவு இது. 1909-இல் பல நாட்டுத் தயாரிப்பாளர்களும் இதைப் பொது அளவாக ஏற்றுக்கொண்டார்கள்.

அந்த ஓட்டைகளில்தான் சூட்சுமம். பிலிம் ஒரே ஓட்டமாக ஓடினால் திரையில் வெறும் கலங்கல்தான் தெரியும். தையல் மெஷினில் துணி நகர்வதுபோல அது நின்று நின்று போக வேண்டும். அதற்காக புரொஜெக்டருக்குள் மால்டீஸ் கிராஸ் என்ற நாலு காடி வெட்டிய சிலுவைச் சக்கரம் இருக்கும். பக்கத்தில் சுற்றும் முளை ஒரு சுற்றுக்கு ஒரு முறை காடியில் மாட்டி, சிலுவையைக் கால் சுற்று திருப்பிவிட்டு விலகிவிடும். சிலுவையோடு சேர்ந்த உருளைக்குப் பதினாறு பல். கால் சுற்றுக்கு நாலு பல், அதாவது நாலு ஓட்டை, சரியாக ஒரு படம். இது நொடிக்கு 24 தடவை நடக்கிறது. பிலிம் நகரும்போது ஷட்டர் வெளிச்சத்தை மறைக்கும். படம் நிற்கும்போதும் நடுவில் ஒரு முறை மறைக்கும். ஆக நொடிக்கு 48 மின்னல். அதனால் கண்ணுக்குப் படபடப்பு அவ்வளவாகத் தெரிவதில்லை.

ஆனால் ஒலிக்கு நின்று போவது ஆகாது, சீராக ஓட வேண்டும். அதனால் ஒலி படிக்கும் பாகத்தை, படம் நின்று வெளிச்சம் வாங்கும் படக் கதவுக்குக் கீழே தள்ளி வைத்தார்கள். ஒரு படத்துக்கான ஒலி, பிலிமில் அதற்கு 20 படம் முன்னால் பதிவாகியிருக்கும். இரண்டுக்கும் நடுவே பிலிம் தளர்வாக ஒரு வளையம் போட்டு நிற்கும். ஆப்பரேட்டர் அந்த லூப்பின் அளவைத் தப்பாக விட்டால், நாயகன் வாயசைப்பது ஒரு நேரம், வசனம் வருவது ஒரு நேரம் என்றாகிவிடும்.

35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்குப் பதினாறு படம் அடங்கும். ஒரு நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு 13,500 அடி. பிலிம் காலத்தில் படம் தொடங்குமுன் காட்டிய சென்சார் சான்றிதழில் நீளம் இத்தனை மீட்டர், ரீல் இத்தனை என்று வந்ததே, அது இந்தக் கணக்குதான். ஆயிரம் அடி ரீல் ஒன்று பதினோரு நிமிடம் வரும். ஒரே ஒரு புரொஜெக்டர் வைத்திருந்த டூரிங் டாக்கீஸில் ஒரு படத்துக்குப் பல இடைவேளை விட்டது ரீல் மாற்றத்தான். முறுக்கு விற்பவருக்கு அதில் நல்ல லாபம்.

அகலம் ஒன்று, வடிவம் வேறு என்பதை சினிமாஸ்கோப்பில் நன்றாகப் பார்க்கலாம். 1953-இல் ஹாலிவுட்டில் அகலத்திரை வந்தபோது பிலிமின் அகலத்தில் யாரும் கை வைக்கவில்லை. படம் எடுக்கும்போது பக்கவாட்டில் மட்டும் பாதியாகச் சுருக்கும் லென்ஸ், காட்டும்போது அதை விரிக்கும் இன்னொரு லென்ஸ், அவ்வளவுதான். தமிழில் 'ராஜராஜ சோழன்' (1973), தெலுங்கில் 'அல்லூரி சீதாராம ராஜு' (1974), மலையாளத்தில் 'தச்சோளி அம்பு' (1978) என்று அது நம் பக்கமும் வந்துவிட்டது. கேபினில் ஸ்கோப் லென்ஸை மாட்ட மறந்தால் திரையில் எல்லோரும் ஒட்டடைக் குச்சிபோல நீண்டு நிற்பார்கள். சாதாரணப் படத்துக்கு அதை மாட்டிவிட்டால் எல்லோரும் குட்டையாகப் பருத்துவிடுவார்கள். விசில் பறக்கும்.

70 மி.மீ.யில் படத்துக்கு ஐந்து ஓட்டை. கேமராவில் ஓடுவது 65 மி.மீ.தான், பிரிண்டில் கூடும் 5 மி.மீ. காந்த ஒலித்தடங்களுக்காக. ஆனால் '70 எம்எம்' என்று போஸ்டரில் போட்டதெல்லாம் அப்படி எடுத்ததல்ல. 'ஷோலே' கூட 35-இல் எடுத்துப் பெரிதாக்கியதுதான். என்னைக் கேட்டால், அன்றைய கூட்டத்தை மயக்கியதில் பாதிப் பங்கு ஆறு தட ஒலிக்குத்தான்.

எதிர்த்திசையில், 1923-இல் கோடாக் 16 மி.மீ. கொண்டுவந்தது. படத்தின் பரப்பு 35-இல் கால்வாசி கூட வராது, ஆனால் கருவியைக் கையில் தூக்கிக்கொண்டு போகலாம். பள்ளிக்கூடங்களிலும் பிலிம் சொசைட்டிகளிலும் அதுதான் ஓடியது. 1932-இன் 8 மி.மீ. கொஞ்சம் கஞ்சத்தனமான யோசனை: 16 மி.மீ. பிலிமிலேயே ஒரு பாதியில் எடுத்து, திருப்பிப் போட்டு மறுபாதியில் எடுத்து, கழுவிய பிறகு நடுவில் பிளப்பது. 1965-இல் வந்த சூப்பர் 8 அகலத்தை அப்படியே விட்டு ஓட்டையைச் சிறிதாக்கியது. மிச்சமான இடம் படத்துக்குப் போனது.

பரணில் பழைய டப்பா ஏதாவது கிடைத்தால் முதலில் ஸ்கேல் வைத்து அகலம் பாருங்கள். 8 மி.மீ. என்றால் ஓட்டையையும் பாருங்கள்: இரண்டு படங்களுக்கு நடுவே இருந்தால் பழைய 8, படத்தின் நடுப்பகுதிக்கு நேராக இருந்தால் சூப்பர் 8. திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் அசிடேட் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். 1950-களின் தொடக்கத்துக்கு முந்தைய 35 மி.மீ. என்றால் எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட்டாக இருக்கலாம். அதை வீட்டில் வைத்திருக்கவே கூடாது. மற்றவற்றையும் ஆசையில் புரொஜெக்டரில் மாட்டிவிடாதீர்கள். பழைய பிலிம் சுருங்கியிருக்கும். ஓட்டைக்கும் பல்லுக்கும் பொருந்தாமல் ஓரம் கிழிந்துவிடும். பல் இல்லாமல் உருளையில் மட்டும் பிலிமை நகர்த்தும் ஸ்கேனர்கள் இருக்கின்றன, அவற்றில் கொடுத்துப் பதிவுசெய்வது நல்லது.