32 முறை சுழன்றும் தலை சுற்றாதது எப்படி?

‘ஸ்வான் லேக்’ பாலேயில் ஒடெட், ஒடைல் என்று இரண்டு பெண்கள். ஒருத்தி மந்திரத்தால் அன்னமானவள். இன்னொருத்தி அவள் உருவத்திலேயே வந்து இளவரசனை ஏமாற்றுபவள். பெரும்பாலும் இரண்டு வேடத்தையும் ஒரே நடனமணிதான் ஆடுவார். அந்த ஏமாற்று உச்சத்தைத் தொடும்போது ஒடைல் ஒற்றைக்காலில் 32 முறை சுழல்கிறாள். 1895-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இத்தாலிய நடனமணி பியெரினா லெஞானி ஆடிக்காட்டியதிலிருந்து அந்த வேடத்துக்கே இது ஒரு பரீட்சையாகிவிட்டது.

இந்தச் சுழற்சிக்கு ஃபுவெட்டே என்று பெயர். பம்பரம் மாதிரி ஓயாமல் சுற்றுவதுபோலத் தெரியும். உண்மையில் ஒவ்வொரு சுற்றிலும் நடனமணியின் உடல் ஒரு கணம் நிற்கிறது. அரங்கை நேராகப் பார்க்கும் அந்தக் கணத்தில் ஊன்றிய காலின் குதிகால் தரையில் படுகிறது, முழங்கால் மடங்குகிறது, மற்றக் கால் முன்னால் நீண்டு பக்கவாட்டில் வீசுகிறது. உடல் நின்றாலும் சுழற்சி தொலைந்துபோவதில்லை. அந்தச் சுழற்சியின் இருப்பை, அதாவது கோண உந்தத்தை, இப்போது வீசும் கால் சுமக்கிறது. அப்புறம் அந்தக் காலை மடக்கி உள்ளே இழுத்ததும் உந்தம் உடல் முழுக்கப் பரவ, அவர் விர்ரென்று திரும்புகிறார். உராய்வில் கரைந்துபோன கொஞ்ச உந்தத்தை, பாதம் தரையில் பதியும்போது தரையை முறுக்கித் தள்ளி மீட்டுக்கொள்கிறார். நுனிக்காலிலேயே நின்று சுழலும் பிரூவெட்டில் இந்த வாய்ப்பு இல்லை. முதலில் கொடுத்த உந்தம் தீர்ந்தால் சுழற்சியும் தீர்ந்தது.

சரி, தலை?

நம் உட்காது ஒவ்வொன்றிலும் மூன்று அரைவட்டக் குழாய்கள், அவற்றுள் ஒரு திரவம். தலை திரும்பும்போது திரவம் சற்றுப் பின்தங்கி, உணர்செல்களின் நுண்ணிய மயிரிழைகளை வளைக்கிறது. தொடர்ந்து சுற்றினால் திரவமும் அதே வேகத்துக்கு வந்துவிடும். நாம் சட்டென்று நின்றாலும் அது நிற்காது. நிற்கிறாய் என்று கண் சொல்ல, சுற்றுகிறாய் என்று காது சொல்ல, அந்தச் சண்டைதான் தலைசுற்றல்.

நடனமணிகள் இதற்கு ஒரு உபாயம் வைத்திருக்கிறார்கள். ஒரே புள்ளியில் பார்வையைக் குத்திட்டு, உடல் திரும்பத் தொடங்கிய பிறகும் தலையை அங்கேயே நிறுத்துவார்கள். கழுத்து இனித் தாங்காது என்னும்போது தலையை வெடுக்கென்று சுழற்றி அதே புள்ளிக்குத் திரும்புவார்கள். தலை விட்டுவிட்டுச் சுழல்வதால் திரவம் சீரான வேகத்தைப் பிடிக்கவே முடிவதில்லை.

என்னை உண்மையிலேயே அசரவைத்தது அடுத்த விஷயம். 2013-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 29 பாலே நடனமணிகளையும் 20 துடுப்புப் படகு வீராங்கனைகளையும் இருட்டறையில் சுழல் நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றினார்கள். இருட்டில் குத்திட்டுப் பார்க்கப் புள்ளி ஏது? அப்படியும், நாற்காலி நின்ற பிறகு சுற்றும் உணர்வு நடனமணிகளுக்குச் சீக்கிரமே அடங்கியது. மூளைப் படங்களில், உட்காதின் சேதிகளை வாங்கும் சிறுமூளைப் பகுதி அவர்களுக்குச் சிறியதாக இருந்தது. மற்றவர்களிடம் கண்ணின் அனிச்சைத் துடிப்பும் சுற்றும் உணர்வும் ஒன்றையொன்று ஒட்டியே போயின. நடனமணிகளிடம் அந்தப் பிணைப்பு அறுந்திருந்தது.

பல வருடப் பயிற்சியில் மூளை தன் சொந்தக் காதின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்கப் பழகிவிட்டது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். தீராத தலைசுற்றலோடு அவதிப்படும் நோயாளிகளின் மூளைக்கும் இதே பழக்கத்தை ஊட்ட முடியுமா என்பதே அந்த ஆய்வாளர்களின் அடுத்த அக்கறையாக இருந்தது.