பெயில் பாண்ட் தொழிலில் யார் இறங்கக் கூடாது? வட கரோலினா சட்டம் சொல்வது

அமெரிக்காவின் வட கரோலினாவில் கைதாகும் ஒருவருக்குப் பிணைத்தொகை நிர்ணயித்தால், குடும்பத்தார் பெரும்பாலும் பாண்ட்ஸ்மேனைத் தேடிப் போகிறார்கள். அவர் கட்டணம் வாங்கிக்கொண்டு, கைதானவர் விசாரணைக்கு வராவிட்டால் பிணைத்தொகைக்குத் தானே பொறுப்பு என்று நீதிமன்றத்தில் ஏற்பார். இதுதான் பெயில் பாண்ட். கட்டணம் பிணைத்தொகையில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 10,000 டாலர் பிணைக்கு அதிகபட்சம் 1,500 டாலர். வழக்கில் விடுதலையே ஆனாலும் அது திரும்பி வராது.

தொகையை நிர்ணயிக்கும் மாஜிஸ்திரேட்டுக்கு இந்தக் கட்டணத்தில் பங்கு இருந்தால் தொகை ஏறிக்கொண்டே போகும். ஜெயிலருக்குப் பங்கு இருந்தால், எந்தக் கைதியின் குடும்பம் எவ்வளவு புரட்டும் என்ற தகவல் ஒரே ஒரு பாண்ட்ஸ்மேனுக்குப் போய்ச் சேரும். அதனால்தான் மாநிலச் சட்டத்தின் 58-71-105 பிரிவு ஒரு கோடு போடுகிறது.

ஷெரிஃப், துணை ஷெரிஃப், மற்ற போலீசார், நீதித்துறை அதிகாரிகள், நீதிமன்ற ஊழியர்கள், வழக்கறிஞர்கள், பரோல் மற்றும் நன்னடத்தை அலுவலர்கள், ஜெயிலர்கள், குற்றவியல் நிர்வாகம் சார்ந்த பணியில் இருக்கும் பிற அரசு ஊழியர்கள் ஆகியோர் யாருக்கும் பிணை நிற்கக் கூடாது. பாண்ட் நிறுவனத்தின் ஏஜெண்டாக இருக்கக் கூடாது. அத்தகைய நிறுவனத்தின் வரவு செலவில் நேரடியாகவோ மறைமுகமாகவோ பங்கு வைத்திருக்கவும் கூடாது.

இவர்களின் கணவன் அல்லது மனைவிக்கும் அதே தடை உண்டு. சறுக்க வாய்ப்பு இருப்பது இங்கேதான். மனைவி பாண்ட் ஏஜெண்டாக இருக்கும்போது கணவர் ஷெரிஃப் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தால், அன்றே சிக்கல். மைத்துனர் பெயரில் தொழில் நடந்தாலும், லாபம் சுற்றி வளைத்து அதிகாரியிடம் வந்தால் அது மறைமுகப் பங்குதான்.

விலக்கு ஒன்று உண்டு: தன் கணவன் அல்லது மனைவி, பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் முதலான தன் வழித்தோன்றல்கள் ஆகியோருக்குப் பிணை நிற்கலாம். பள்ளி ஆசிரியர் போன்ற, குற்றவியல் பணியில் இல்லாத அரசு ஊழியரை இந்தத் தடை தொடாது. 15A-541 பிரிவும் இதே தடையை விதிக்கிறது. மீறினால் இரண்டாம் வகுப்புச் சிறு குற்றம்.

பாண்ட்ஸ்மேன் பக்கமும் கட்டுப்பாடு இருக்கிறது. பிணைத்தொகையையோ, கைதானவர் ஆஜராகாதபோது நீதிமன்றம் செய்யும் தொகைப் பறிமுதலையோ குறைக்கச் சொல்லி எந்த அதிகாரிக்கும் அவர் பணமோ பொருளோ தரக் கூடாது. நீதிமன்றத்திலும் சிறை வளாகத்திலும் ஆள் பிடிக்கக் கூடாது.

இதெல்லாம் வீண் பயமில்லை. லூசியானா மாநிலத்தின் ஜெஃபர்சன் பாரிஷில் (பாரிஷ் என்பது அங்கே மாவட்டம் போன்றது) நீதிபதியாக இருந்த தாமஸ் போர்ட்டியஸ், ஒரு பாண்ட் நிறுவனத்தாரிடம் சாப்பாடு, பயணம், கார் ரிப்பேர், வீட்டு ரிப்பேர் என்று பெற்றுக்கொண்டு, அவர்களுக்கு வசதியாகப் பிணைத்தொகைகளை நிர்ணயித்தார் என்பது குற்றச்சாட்டு. பின்னாளில் கூட்டாட்சி நீதிபதியான அவரை 2010 டிசம்பர் 8-இல் அமெரிக்க செனட் பதவி நீக்கியது. பாண்ட் விவகாரம் பற்றிய குற்றச்சாட்டில் அவர் குற்றவாளி என்று 69 வாக்கும், இல்லை என்று 27 வாக்கும் விழுந்தன. பணம் உறையில் வைத்துத்தான் கைமாற வேண்டும் என்பதில்லை, காரை இலவசமாகப் பழுது பார்த்துக் கொடுத்தாலே போதும்.

சிறையில் ஒரு ஊழியர் "இவரையே கூப்பிடுங்கள்" என்று அட்டையை நீட்டினால், அந்த ஊழியரின் பெயர், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். வேறு பாண்ட்ஸ்மேனை அழைக்க உங்களுக்கு உரிமை உண்டு. கொடுக்கும் ஒவ்வொரு டாலருக்கும், அடமானம் வைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் எழுத்தில் ரசீது வாங்குங்கள். பாண்ட்ஸ்மேன் மீதான புகார் மாநிலக் காப்பீட்டுத் துறைக்குப் போக வேண்டும். உரிமம் வழங்குவது அதுதான். நீதிபதி மீது என்றால் நீதித்துறை நெறிமுறை ஆணையத்துக்கு, மாஜிஸ்திரேட் மீது என்றால் அந்த மாவட்டத்தின் தலைமை மாவட்ட நீதிபதிக்கு அனுப்புங்கள்.