வெண்ணிற மூட்டமும் கண்ணுக்குத் தெரியாத புகையும்

அனல்மின் நிலையத்தைப் பார்க்க வருபவர்கள் முதலில் கைநீட்டிக் காட்டுவது, இடை குறுகிய பெரிய கோபுரங்களிலிருந்து எழும் வெண்ணிற மூட்டத்தைத்தான். "இவ்வளவு புகையா?" என்று கவலையோடு கேட்பார்கள். கொதிகலன் இயக்கத்தில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அது புகையன்று, குளிர்விப்புக் கோபுரத்திலிருந்து வெளியேறும் ஆவி குளிர்ந்து உண்டான நீர்த்துளிகள். கவலைப்பட வேண்டிய இடம் வேறு.

நிலக்கரியை நாங்கள் கட்டியாக எரிப்பதில்லை. விரலிடையே தேய்த்தால் முகப்பவுடர் போல வழுக்கும் அளவுக்கு, பெரும்பகுதி 75 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவாக இருக்கும்படி அரைத்து, சூடான காற்றோடு கலந்து உலைக்குள் செலுத்துகிறோம். பார்வைத் துளையில் நீலக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால், 1,300 டிகிரி செல்சியஸைத் தாண்டிய நெருப்பு நடுவில் சுழன்றுகொண்டிருக்கும். அந்த உலையின் சுவர்களே நீர் ஓடும் குழாய்கள்தாம். அங்கு உருவாகும் நீராவி மேலும் சூடேற்றப்பட்டு, ஏறத்தாழ 540 டிகிரி வெப்பத்திலும் வளிமண்டலத்தைப் போல 170 மடங்கு அழுத்தத்திலும், ஆவியின் வேகத்தால் சுழலும் இயந்திரமான டர்பைனில் பாய்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்காக டர்பைன் நிமிடத்துக்கு 3,000 முறை சுழல, அதே தண்டில் இணைந்த ஜெனரேட்டர் மின்சாரத்தைத் தருகிறது.

சுழற்றி முடித்த ஆவியை ஏன் குளிர்ந்த நீரால் மீண்டும் தண்ணீராக்க வேண்டும், அப்படியே கொதிகலனுக்குத் திருப்பி அனுப்பினால் வெப்பம் மிச்சமாகுமே என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி அது. தண்ணீரை உயர் அழுத்தத்துக்கு ஏற்றப் பம்பு செலவழிக்கும் ஆற்றல் மிகக் குறைவு. பல்லாயிரம் மடங்கு விரிந்து நிற்கும் ஆவியை அழுத்த முயன்றாலோ, டர்பைன் ஈட்டிய ஆற்றல் முழுவதும் அதற்கே போய்விடும். மேலும், ஆவி தண்ணீராகும்போது, அதைக் குளிர்விக்கும் கலமான கண்டென்சரில் உண்டாகும் வெற்றிடம் டர்பைனிலிருந்து கூடுதல் வேலையை வாங்கித் தருகிறது. இதற்கு நாம் கொடுக்கும் விலைதான், எரித்த வெப்பத்தில் ஏறக்குறைய பாதி குளிர்விக்கும் நீரோடு போய்விடுவது.

ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3,600 கிலோஜூல். நிலையத்தின் செயல்திறன் 36 சதவீதம் என்றால், அதற்கு 10,000 கிலோஜூல் வெப்பம் வேண்டும். கிலோவுக்கு 20,000 கிலோஜூல் தரும் நிலக்கரியில் அது அரைக் கிலோ. ஆக, ஒரு கிலோவாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் அரைக் கிலோ நிலக்கரி எரிந்து, ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கிறது. வெப்பத்தை மின்சாரமாக்கி, அதை மறுபடியும் வெப்பமாக்கும் இந்தச் சுற்று என்னை எப்போதும் உறுத்துகிறது.

உண்மையான புகை, உயர்ந்து ஒல்லியாக நிற்கும் புகைபோக்கி வழியாகவே செல்கிறது. உயர் மின்னழுத்தத்தால் சாம்பல் துகள்களை ஈர்த்துப் பிடிக்கும் வடிகட்டி சரியாக இயங்கும்போது, துகள்களில் 99 சதவீதத்துக்கும் மேல் சிக்கிக்கொள்வதால் புகைபோக்கியின் வாயில் எதுவுமே தென்படாது. வடிகட்டியின் ஒரு பகுதி பழுதானாலும் போதும், அங்கே சாம்பல் நிறம் எட்டிப்பார்க்கும். ஆனால் சல்பர் டை ஆக்சைடுக்கும் கரியமில வாயுவுக்கும் நிறமில்லை; வடிகட்டி அவற்றைப் பிடிப்பதுமில்லை. ஆகவே, நிலையத்தின் அருகில் வாழ்பவர்கள் கோபுரத்தின் வெண்மூட்டத்தைப் பார்த்து அஞ்சுவதைவிட, புகைபோக்கியில் பொருத்தப்பட்ட அளவுக் கருவிகள் காட்டும் அளவுகளைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.