இறக்கத்தில் தெரியும் காலணியின் பொருத்தம்

மே மாத இறுதியில் நீலகிரியில், குன்னூர் பெட்போர்டிலோ உதகை கமர்ஷியல் சாலையிலோ உள்ள காலணிக் கடைகளில் ஏறக்குறைய ஒரே காட்சியைத்தான் காண முடியும். புதிய கறுப்பு ஷூவை மாட்டிக்கொண்ட பிள்ளை வழுவழுப்பான சமதரையில் நான்கடி நடக்கும், தாய் ஷூவின் முன்முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார், "வளர்ற பிள்ளைதானே, ஒரு சைஸ் பெரிசாவே குடுங்கண்ணா" என்பார், வாங்கியாகிவிடும். ஜூன் மாதத்தில், தென்மேற்குப் பருவமழையோடு பள்ளியும் தொடங்கியவுடன், அதே பிள்ளை அதே ஷூவுடன் ஹட்டி எனப்படும் படுகர் ஊரிலிருந்தோ எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீட்டிலிருந்தோ தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையிலும் பாசி படிந்த கல்படிகளிலும் இறங்கிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருக்கும். சமதரையில் நன்றாகப் பொருந்துவதாகத் தோன்றிய காலணியின் குறை அந்த இறக்கத்தில்தான் வெளிப்படுகிறது.

காரணம் எளிய இயற்பியல். சரிவில் நிற்கும் உடலின் எடையில் ஒரு பகுதி பாதத்தைக் கீழ்நோக்கி, அதாவது ஷூவின் முன்முனையை நோக்கித் தள்ளுகிறது. பத்துப் பாகைச் சரிவில் அது எடையின் ஏறத்தாழ 17 விழுக்காடு. 25 கிலோ எடையுள்ள குழந்தைக்கு நான்கு கிலோவுக்குச் சற்று அதிகம். நடக்கும்போது ஒவ்வோர் அடியும் ஒரு சிறிய பிரேக் போல் செயல்படுவதால் இந்தத் தள்ளல் இன்னும் கூடும். பத்துப் பாகை என்பது மலையில் வாழ்பவர்களுக்குப் பெரிய சரிவு அன்று. ஆனால் கல்லாறிலிருந்து குன்னூருக்கு ஏறும் மலை ரயில் பாதையின் உச்சச் சரிவே பன்னிரண்டுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது. பத்துப் பாகை அதைப் போல் இருமடங்கு செங்குத்து. பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவுக்கே ரயிலுக்குப் பல்சக்கரம் தேவைப்படுகிறது. காலணிக்குள் பாதம் வழுக்காமல் பிடிக்கும் பல்சக்கரத்தின் வேலையைச் செய்வது புறங்காலின் மேல் கட்டப்படும் நாடாதான். நாடா இல்லாமல் காலை நுழைத்துக்கொள்ளும் ஷூவிலும், நாடா தளர்ந்த ஷூவிலும் பாதம் முன்னே சரிந்து, விரல்நுனிகள் ஒவ்வோர் அடிக்கும் முன்சுவரில் மோதும். பெருவிரல் நகத்தடியில் இரத்தம் கட்டிக் கறுப்பதற்கும், நகம் சதைக்குள் இறங்குவதற்கும் இந்த மோதலே வழிவகுக்கிறது. நாடா கட்டத் தெரியாத சிறுவர்களுக்கு வெல்க்ரோ பட்டை உள்ள ஷூ போதும். ஆனால் அந்தப் பட்டை புறங்காலின் குறுக்கே அகலமாக அமைந்திருக்க வேண்டும்.

குழந்தையின் பாதம் பெரியவர் பாதத்தின் சிறிய பிரதி அன்று. முதிர்ந்த பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. பிறந்த குழந்தைக்கு அவற்றில் பெரும்பகுதி குருத்தெலும்பாகவே இருக்கும். உள்ளங்கால் வளைவின் உச்சியில் அமரும் படகெலும்பு மூன்று வயதையொட்டித்தான் எலும்பாக மாறத் தொடங்குகிறது. எலும்புகள் நீளும் வளர்தட்டுகள் பதின்பருவத்தில்தான் மூடுகின்றன. இளகிய இந்த அமைப்பு அழுத்தத்துக்கு வளைந்துகொடுக்கும், வலியைச் சொல்லாது. ஷூ சிறியதாகிவிட்டால் பெரியவர்கள் உடனே முணுமுணுப்பார்கள்; குழந்தை விரலை மடக்கிக்கொண்டு பேசாமல் நடந்துவிடும். ஆஸ்திரியாவில் பள்ளிப் பருவத்துக்கு முந்திய 858 குழந்தைகளை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வு, காலணி எவ்வளவு குட்டையோ அவ்வளவுக்குப் பெருவிரல் பக்கவாட்டில் சாய்ந்திருப்பதைக் காட்டியது. ஆகவே "கடிக்குதா?" என்று கேட்டு, "இல்லை" என்ற பதிலை நம்பி வாங்குவது அளவெடுத்ததாகாது.

ஒரு சைஸ் பெரிதாக வாங்கும் வழக்கத்துக்கு வருவோம். நம் கடைகளில் வழங்கும் ஆங்கில அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே மூன்றில் ஓர் அங்குலம், அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர் வேறுபாடு உண்டு. பள்ளி வயதில் பாதம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. எனவே மிக நீளமான விரலுக்கு முன்னால் பத்து முதல் பன்னிரண்டு மில்லிமீட்டர் இடம் இருந்தால் வளர்ச்சிக்கும் நடக்கும்போது ஏற்படும் அசைவுக்கும் போதும். அதற்கு மேலும் ஒரு சைஸ் கூட்டினால் இடைவெளி இரண்டு சென்டிமீட்டரை எட்டிவிடும். பலரும் முன்னால் பஞ்சையோ காகிதத்தையோ திணித்து இதைச் சமாளிக்கிறார்கள். அவர்களின் சிக்கனத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் திணித்த பஞ்சு நீளத்தை மட்டுமே ஈடுகட்டும், ஷூ மடங்கும் இடத்தை மாற்றாது. உண்மையான கெடுதல் அங்கேதான் இருக்கிறது.

பாதம் ஒரு கதவைப் போல ஒரு கீலில் மடங்குகிறது. விரல்கள் பாதத்தோடு சேரும் மூட்டுகளின் வரிசையே அந்தக் கீல். குதிகால் எழும்போது விரல்கள் மேல்நோக்கி வளைகின்றன. அப்போது குதிகாலெலும்பிலிருந்து விரலடி வரை உள்ளங்காலில் ஓடும் தடித்த நார்ப்பட்டை, கிணற்று ராட்டினத்தின் மேல் கயிறு இழுபடுவது போல அந்த மூட்டுகளைச் சுற்றி இழுபட்டு, உள்ளங்கால் வளைவை உயர்த்தி, தளர்ந்திருந்த பாதத்தை உறுதியான நெம்புகோலாக்குகிறது. இந்த இயக்கத்தை ஹிக்ஸ் என்ற மருத்துவர் 1954இல் விளக்கினார். ஷூவும் அதே கோட்டில் மடங்கினால் இந்த ராட்டினம் தடையின்றிச் சுழலும். பெரிய ஷூவில் மடிப்புக்கோடு மூட்டுகளுக்கு முன்னே தள்ளிப்போய்விடுவதால், பாதம் வளைய முயலும் இடத்தில் ஷூ விறைத்து நிற்கும். பிள்ளை காலை இழுத்து இழுத்து நடப்பதும், ஷூ கழன்றுவிடாமலிருக்க விரல்களால் அடித்தட்டைக் கவ்விக்கொள்வதும் இதனால்தான். மாலையில் வீட்டுக்கு ஏறும்போதோ குதிகால் ஷூவுக்குள் மேலும் கீழும் உரசிச் செருப்புக்கடி உண்டாகும். ஆக, பெரிய ஷூ காலையில் விரலையும் மாலையில் குதியையும் பதம் பார்க்கிறது.

"சப்போர்ட்" என்ற சொல் விளம்பரங்களில் மிகத் தாராளமாகப் புழங்குகிறது. அது பெரும்பாலும் உள்ளங்கால் வளைவுக்குக் கீழே வைக்கப்படும் மேட்டைக் குறிக்கிறது. சிறு குழந்தைகளின் பாதம் தட்டையாகத் தெரிவது இயல்பே. உள்ளங்காலின் உட்புறத்தில் ஒரு கொழுப்புத் திண்டு இருக்கிறது, வளைவும் பத்து வயது வரை மெல்ல உருவாகிக்கொண்டிருக்கிறது. கர்நாடகத்து மணிப்பாலைச் சேர்ந்த ராவ், ஜோசப் என்ற மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையிலான 2,300 குழந்தைகளின் காலடித் தடங்களை ஆராய்ந்து 1992இல் வெளியிட்ட முடிவு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: காலணி அணிந்தவர்களில் 8.6 விழுக்காட்டினருக்கும் அணியாதவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப்பாதம் காணப்பட்டது. வளையும் தன்மையுள்ள தட்டைப்பாதத்தைச் சிறப்புக் காலணிகளும் உட்செருகல்களும் திருத்துவதில்லை என்பதை அமெரிக்காவில் மூன்றாண்டுகள் நடந்து 1989இல் வெளியான ஆய்வு காட்டியது. எனவே நலமான பிள்ளைக்கு வளைவுத் திண்டுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் என்றே கருதுகிறேன். தட்டைப்பாதம் வலித்தாலோ, நுனிக்காலில் நின்றபோதும் வளைவு எழாமல் விறைத்திருந்தாலோ செல்ல வேண்டிய இடம் மருத்துவமனை, காலணிக் கடை அன்று.

காலணி அணியாதவர்களிடம் தட்டைப்பாதம் குறைவு என்பதற்காக உறைபனிக் காலையிலும், கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து அட்டைப்பூச்சிகளுக்கு நடுவிலும் பிள்ளைகளை வெறுங்காலில் அனுப்ப முடியாது. வீட்டுக்குள் வெறுங்கால், வெளியே பாதத்தின் வேலையைக் கெடுக்காத காலணி என்பதே நடைமுறைக்கு ஏற்றது. அத்தகைய காலணியைக் கையாலேயே அறியலாம். குதிகாலைச் சுற்றியுள்ள பின்சுவரை இரு விரல்களால் அழுத்தினால் அது நசுங்கக் கூடாது. முனையையும் குதியையும் பிடித்து வளைத்தால் விரலடியில் மட்டும் மடங்க வேண்டும். நடுவில் மடங்குவது உதவாது. துணி பிழிவது போல் எளிதில் முறுகவும் கூடாது.

மழைக்காலத்துக்கு அடித்தட்டும் முக்கியம். ஆழமான பள்ளங்கள் உள்ள அடித்தட்டு, பாதத்துக்கும் கல்லுக்கும் இடையிலான நீரை ஒதுக்கிப் பிடிமானம் தருகிறது. மலிவான பி.வி.சி. அடித்தட்டு குளிரில் விறைத்துவிடும். ரப்பர் அப்போதும் இளகியே இருக்கும். ஈரமான தோலில் உராய்வு கூடுவதால் நனைந்த காலுறையோடு நடந்தால் கொப்புளம் விரைவில் வரும். பையில் ஒரு மாற்றுக் காலுறை இருப்பது நல்லது. நனைந்த தோல் ஷூவை அடுப்பருகே வைத்தால் தோல் இறுகி வெடிக்கும். உள்ளே செய்தித்தாளை அடைத்து நிழலில் காயவிட வேண்டும்.

அளவு என்பது நீளம் மட்டும் அன்று. சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களின் பாதங்களை அளந்தபோது, இந்தியப் பாதங்கள் ஐரோப்பியப் பாதங்களைவிடப் பொதுவாக அகலமானவை என்பது தெரியவந்தது. அகலம் போதாமல் நீளத்தைக் கூட்டி வாங்குவதும் பெரிய ஷூவுக்கு ஒரு காரணம். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும்போது, பள்ளிக்கு அணியும் அதே தடிமனான காலுறையுடன், பிள்ளையை நிற்கவைத்து இரு பாதங்களையும் காகிதத்தில் வரைந்து, நீளமான பாதத்தை அளவாகக் கொள்ள வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது பாதம் குட்டையாகவே தெரியும். மலைப்பகுதிப் பள்ளிகளில் அரசு விலையின்றி வழங்கும் பூட்ஸுக்கு அளவு கேட்கப்படும்போதும் பழைய ஷூவின் எண்ணைச் சொல்லிவிடாமல் இப்படி அளந்து சொல்லலாம்.

கடையில் இறுதிச் சோதனை ஒன்று உண்டு. நம் ஊரில் அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. குதிகாலைப் பின்சுவரோடு ஒட்டவைத்து நாடாவை இறுக்கிக் கட்டி, கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, வாசலையடுத்த சரிவில் பிள்ளையை இருபதடி இறங்கவும் ஏறவும் செய்ய வேண்டும். இறங்கும்போது விரல் முன்னே இடிக்கிறதா, ஏறும்போது குதி தூக்குகிறதா என்று பக்கத்தில் நடந்தபடியே பார்க்க வேண்டும். தரை ஈரமாக இருந்தால் கடைக்காரர் சற்று முகம் சுளிப்பார்.